உடையாத அரக்கு முத்திரை

அவைக்குத் தலைமை தாங்கும் தோல் வணிகப் பெருந்தகை முக்தார் அகமது சாயபு அவர்களே, ஆம்பூர் வாசகசாலையைக் கண்ணெனக் காத்துவரும் பெரியோர்களே, பெஞ்சு போதாமல் புளியமரத்தடியில் நிற்கும் மோட்டார்த் தொழில் தோழர்களே, மூங்கில் தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அத்தாய்மார்களின் கடைசி வரிசையிலிருந்து வலக்கண்ணால் மட்டும் இம்மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆரோக்கியமேரி அம்மாளே, உங்கள் அனைவருக்கும் மோட்டார் துரைசாமியின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த வணக்கம் என்றது அலங்காரத்துக்காக அல்ல. தலைவர் எனக்குச் 'சிக்கனச் செம்மல்' என்று பட்டம் சூட்டினார், பட்டுச் சால்வை போர்த்தினார். அது கம்பளிப் பூச்சியாக என் தோளில் அரிக்கிறது. கை தட்டாதீர்கள் ஐயா, கடைசிவரை கேட்டுவிட்டு, பிறகும் தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

என் காரை அறியாதவர் இந்த ஊரில் உண்டா? பதினைந்து வருஷத்துப் பழைய வண்டி. முப்பது மைல் தூரத்து வேலூருக்கு இரண்டு கேலன் பெட்ரோல் குடித்த வண்டி. "துரைசாமி வண்டிய ஓட்டல, அது அவனைக் குடிக்குது" என்று கடைத்தெருவில் சிரித்தீர்களே, சிரித்தவர்களில் பாதிப்பேர் முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரோஷத்தை மூட்டியது. என்ஜினுக்குப் பெட்ரோல் விடும் ஜெட் என்கிற பித்தளைத் துளையை ஈயம் வைத்து அடைத்து, ஊசியால் சின்னதாகத் துளைத்தேன். என்ஜின் சூடு ஆறாதிருக்க முன்பக்கத்தில் பாதியை ஆட்டுத்தோலால் மூடினேன். பின்சீட்டைக் கழற்றினேன், கூரையைக் கழற்றினேன், கதவையும் கழற்றினேன். ஒரே கேலனில் வேலூர் போகிறேன் பார் என்று சவால் விட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தச் சவால் நாள் வந்தது. தலைவர் அவர்களே தம் கையால் ஒரு கேலன் அளந்து ஊற்றி, டாங்கி மூடியில் அரக்கு முத்திரை வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும் துரைசாமி, வழியிலே பேஜாராயிடப் போவுது" என்று முழு டின் பெட்ரோல் ஒன்றுக்கும் அதே முத்திரையிட்டு வண்டியில் வைத்தார். முத்திரை உடையாமல் வேலூர் சேர்ந்தால் ஜெயம், டின்னைத் திறக்க முத்திரையை உடைத்தால் தோல்வி. இவ்வளவுதான் பந்தயம்.

மாதனூரில் ஒருவர் சாலையின் நடுவே கைகளை விரித்து நின்றார். அவர் இருதயராஜ், தோல் கிடங்குத் தொழிலாளி. அருகே அவர் மனைவி ஆரோக்கியமேரி, ஈர முந்தானையால் முகத்தைப் பொத்தியிருந்தார். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியோரம் சறுக்கி விழுந்து, சுண்ணாம்புத் தண்ணீர் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. குடம் குடமாக ஊற்றிக் கழுவியும் எரிச்சல் நிற்கவில்லை. "வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்டுங்க ஐயா" என்று கும்பிட்டார்.

ஏற்றிக்கொண்டேன். அங்கே யாரோ தலையாட்டுகிறீர்கள், அவசரப்படாதீர்கள். ஏற்றிக்கொண்டேன், ஆனால் எப்படி ஓட்டினேன்? வேகம் கூடினால் பெட்ரோல் கூடக் குடிக்குமே என்று, மணிக்கு முப்பத்தைந்து மைல் ஓடக்கூடிய வண்டியைப் பதினெட்டு மைலில் ஓட்டினேன். இறக்கம் வந்த இடத்திலெல்லாம் என்ஜினை நிறுத்திவிட்டுத் தானாக உருள விட்டேன். சீட்டில்லாத வெறும் பலகையில் அந்த அம்மாள் உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டார் தெரியுமா? தலைவர் வைத்த அந்த முழு டின்னை.

பள்ளிகொண்டா தாண்டியதும் அவர் கேட்டார்: "ஐயா, வண்டி இன்னும் கொஞ்சம் வெரசா போவாதுங்களா?"

நான் சொன்னேன்: "போவாதும்மா. பழைய வண்டி, இதுக்கு மேல தாங்காது."

"பாவம், அது இன்னா பண்ணும்" என்றார் அந்தத் தாய். எரிகிற கண்ணோடு என் வண்டிக்காக இரக்கப்பட்டார்.

விரிஞ்சிபுரம் வந்தது. வழிப்போக்கருக்குத் துணைவரும் ஈசன் கோயில் கொண்ட ஊர் அல்லவா? கோபுரத்தைப் பார்த்து ஒற்றைக் கையால் கும்பிட்டேன். என்ன வேண்டினேன்? அந்தப் பெண்ணின் கண்ணுக்காகவா வேண்டினேன்? அரக்கு உடையக்கூடாது சாமி என்று வேண்டினேன். வெட்கமாக இருக்கிறது ஐயா, சொல்லவே நா கூசுகிறது.

வேலூர் சேர்ந்தேன், ஜெயித்தேன். மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "வலது கண் தப்பிச்சுது. அரைமணி முன்னால வந்திருந்தா இடதையும் பார்த்திருக்கலாம்" என்றார். அரைமணி! முப்பத்தைந்து மைலில் வந்திருந்தால் நாற்பது நிமிஷம் மிஞ்சியிருக்கும். அந்தக் கணக்கை நான் போட்டேன், போட்டு விழுங்கினேன், மூன்று மாதமாக எனக்கு அது செரிக்கவில்லை.

இன்று இந்த மேடைக்கு முதலில் வந்து பேசியவர் யார்? அதே ஆரோக்கியமேரி அம்மாள். "ஐயா வண்டி மட்டும் வரலன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும். பழைய வண்டி, அதால முடிஞ்சது அவ்ளோதான்" என்றார். நீங்கள் நெகிழ்ந்தீர்கள். நான் இந்த நாற்காலியில் செத்துப்போனேன்.

யாரது, "போதும் துரைசாமி, உட்காரு" என்பது? இருதயராஜா? இல்லையா? சரி. இருதயராஜ் சொன்னால் உட்காருவேன், வேறு யார் சொன்னாலும் உட்காரமாட்டேன். பெட்ரோலைச் சிக்கனம் செய்வது குற்றமா? இல்லை, நல்ல வேலைதான். வேண்டுகிறவருக்கு வித்தையைச் சொல்லித் தருகிறேன். ஆனால் எதை மிச்சம் பிடிப்பது, எதை வாரி இறைப்பது என்று தெரியாதவன் கையில் அந்த வித்தை எதற்கு? ஒரு கேலனை மிச்சம் பிடித்தேன், ஒரு கண்ணைச் செலவழித்தேன். அந்தக் கண்ணும் என்னுடையதல்ல.

தலைவர் அவர்களே, சால்வை இதோ மேஜைமேல் இருக்கிறது. சட்டைப்பையிலிருந்த ஜெட்டும் இதோ. டின்னையும் கொண்டுவந்திருக்கிறேன், முத்திரை உடையவில்லை, வேண்டுமானால் சோதித்துக்கொள்ளுங்கள். பின்சீட்டை நேற்றே வண்டியில் திரும்ப மாட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்ட சபைக்கு என் நன்றி. விடைபெறும் வணக்கத்தைச் சபைக்குச் சொல்லுமுன், கடைசி வரிசைக்கு ஒரு பாக்கிப் பதில் இருக்கிறது.

ஆரோக்கியமேரி, அன்றைக்கு நீ கேட்டாயே. போவும்மா. வண்டி இன்னும் வெரசா போவும். அன்றைக்கும் போயிருக்கும்.

வணக்கம்.