எலியின் பின்னால் வந்தது

— அண்ணா, அந்தக் கம்பியைக் கீழ போடுங்க. ப்ளீஸ். அடிக்க வேணாம்.

— இன்னா டீச்சரம்மா பேசுறீங்க? மாடிப்படி மேல அவ்ளோ பெர்சா பட்த்துகினு கீது. அத்தப் பாத்துகினு நான் சும்மா குந்திகினு இருக்கணுமா?

— அது சாரை. விஷமே கிடையாது. வருஷக்கணக்கா சேலையூர் ஸ்கூல்ல பசங்களுக்கு இதைத்தான் பாடம் எடுக்கிறேன்.

— அப்போ நீங்க ஏன் தண்ணி டேங்க் மேல ஏறி நின்னுகினு கீறீங்க?

— பயமா இருக்கு, அதான். விஷம் இல்லைன்னு தெரியறது வேற, பயம் வேற. தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறியிருக்குன்னு பாருங்களேன்.

— பாம்பு வாலே நெனையுது. ஏரி ஒடஞ்சிகீது போல. இரும்புலியூரே மெதக்குது. என் ஆட்டோ கூரை கூட கண்ணுல படல. நல்ல வேள, அஞ்சம்மா கோவளத்துல அவங்க அம்மா வூட்டுக்குப் போய்க்கீறா. இங்க இருந்திருந்தா என் பொண்டாட்டி கத்துற கத்துல பாம்பே ஓடிப்பூடும்.

— எங்க வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்துல கம்பெனியிலேயே மாட்டிக்கிட்டார். செல்லும் நனைஞ்சு போச்சு. எனக்கு நீச்சலும் தெரியாது. விடிகாலையில நீங்க மட்டும் வந்து கதவைத் தட்டலைன்னா...

— அத்த வுடுங்க. பக்கத்துப் போர்ஷன்ல குடியிருந்துகினு இதுகூடச் செய்யலன்னா எப்டி? ஆமா, இந்தச் சனியன் ஏன் நம்ம மாடிக்கு வருது? ஊர்ல வேற எடமே இல்லியா?

— எலிக்காகத்தான் வந்திருக்கு. என் அரிசி மூட்டை தண்ணியில ஊறினதும் எலிங்க எல்லாம் மேல ஓடி வந்துச்சே? அரிசி பின்னாடி எலி, எலி பின்னாடி இது. அரிசியில இருக்கறது மொத்தமும் வெயில்தான் அண்ணா. நெல்லு வெயிலைக் குடிச்சு அரிசியாக்குது. அதைத் தின்னு எலி ஓடுது. இப்ப எலியும் இதோட வயித்துக்குள்ள. பாருங்க, நடுவுல புடைச்சிருக்கு.

— இந்த நேரத்துலயும் பாடமா?

— பயம் வந்தா எனக்கு வாய் நிக்காது. ஏதாவது சொல்லிக்கிட்டே இருந்தாத்தான்... ஐயோ, நகருது! மேல வருது!

— கத்தாதீங்க! நீங்க தான சொன்னீங்க, சாரைன்னு?

— சாரைதான். நம்மகிட்ட வரலை, வெயிலுக்கு வருது. நம்ம உடம்பு உள்ளேயே சூடு பண்ணிக்கும். நாம தின்னறதுல பாதிக்கு மேல அந்தச் சூட்டுக்கே போயிடும். அதுக்கு உள்ள அடுப்பு கிடையாது. வெயில் படலைன்னா தின்ன எலி செரிக்காது, வயித்துக்குள்ளயே அழுகிப்போகும். இத்தனை நாள் மழைக்கப்புறம் இப்பத்தான் கொஞ்சம் வெயில் எட்டிப் பாக்குது.

— மொத்த மாடில காஞ்ச எடம் இந்த மூலை ஒண்ணு தான் கீது. அதுல நான் குந்திகினு கீறேன்.

— கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். அது வந்து படுத்துட்டுப் போகட்டும்.

— நவுர முடில. கால் மரத்துப் போய்க்கீது.

— விடிகாலையில என்னைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு நேரம் ஐஸ் மாதிரி தண்ணியில நின்னீங்க, மரத்துப் போகாம என்ன செய்யும்?

— டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டா? வெஷப் பாம்புக்கு வெஷம் எங்கேர்ந்து வருது?

— அதுவும் தின்ன இரையிலேர்ந்துதான். உடம்பு பாடுபட்டு அதைச் செய்யணும். காலியாயிடுச்சுன்னா திரும்ப ஊற நாளாகும். அதனால முக்கியமா இரைக்குத்தான் வச்சிருக்கும். மனுஷனைக் கடிச்சு அதுக்கென்ன லாபம்? முழுங்கவா முடியும்?

— அப்போ மன்சன வெஷம் எறக்காம வெறுமனே கடிக்குமா?

— சில சமயம் கடிக்கும். விரட்டறதுக்காக வெறும் கடி. ஆனா அதை நம்பி யாரும் உட்காரக் கூடாது. எந்தப் பாம்பு கடிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

— வெறும் கடியா, நெஜக் கடியா, எப்டிக் கண்டுபுடிக்கிறது?

— பாம்புக்குப் பாம்பு மாறும். நல்ல பாம்பு விஷம்னா கண் இமை தானா தொங்கும். ஒண்ணு ரெண்டாத் தெரியும். அப்புறம் பேச்சு குழறி, மூச்சு... அண்ணா, போதும். இதெல்லாம் இப்ப எதுக்கு?

— சும்மா தான். பேசிகினு இருந்தா பயம் போவும்னு நீங்க தான சொன்னீங்க?

— சத்தம் கேக்குதா? ஹெலிகாப்டர்! சாப்பாட்டுப் பொட்டலம் போட வர்றாங்க. துண்டை எடுத்து ஆட்டுங்க! ஐயோ, நம்மளைப் பாக்காமலே போறாங்களே!

— டீச்சரம்மா, மேல பாக்காதீங்க. கீழ பாருங்க. அது வாயப் பொளக்குது!

— எலியைக் கக்குது. மிரண்டுடுச்சு. வயித்துல பாரத்தோட ஓட முடியாது, அதனாலதான்... அண்ணா, இந்தப் பக்கம் வருது. டேங்க் பக்கம் வருது!

— ஆடாதீங்க. கண்ண மூடிக்குங்க. தானா தாண்டிப் பூடும்.

— அம்மா! கால்கிட்ட... அம்மா!

— பூட்ச்சு. பூட்ச்சு டீச்சரம்மா. முருங்க மரத்துல எறங்கிப் பூட்ச்சு. கண்ணத் தொறங்க.

— தின்ன அத்தனையும் கொட்டிட்டு, உயிரை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடுது. இனி அடுத்த எலி கிடைக்கிற வரைக்கும் பட்டினிதான்.

— இன்னா நீங்க, இம்மாம் பயந்துட்டு அதுக்கு எரக்கப்படுறீங்க?

— இருங்க. தெருக்கோடியில ஆளுங்க குரல் கேக்குது. படகு! அண்ணா, படகு வருது! எழுந்திரிங்க, படிகிட்ட போய் நிப்போம்.

— நீங்க போங்க. என்னால எந்திரிக்க முடில.

— ஏன்? உங்களைக் கடிச்சுடுச்சா? சாரை கடிச்சா ஒண்ணும் ஆகாது அண்ணா, பயப்படாதீங்க.

— இது கடிக்கல. வெடிகால உங்களத் தோள்ல தூக்கிகினு படி ஏற சொல்ல, தண்ணிக்குள்ள வேற ஒண்ணு கடிச்சிது. படம் எடுத்துகினு போனத நான் பாத்தேன். அப்ப சொல்லியிருந்தா நீங்க கைய வுட்டுட்டு தண்ணில வுழுந்திருப்பீங்க. மேல வந்தப்பொறம் சொல்லி இன்னா பிரயோஜனம்? போவறதுக்கு வழியா கீது?

— கடவுளே. காலைக் காட்டுங்க. ஐயோ, எப்படி வீங்கியிருக்கு! அசையாதீங்க, காலை அப்படியே வைங்க. என்னைப் பாருங்க. கண் நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தானே இருக்கு? விஷம் கொஞ்சம்கூட இறங்கியிருக்காது. ஏங்க! இங்க! இந்த மாடிக்கு வாங்க! பாம்பு கடிச்ச ஆள் இருக்கார், சீக்கிரம் வாங்க!

— அழுவாதீங்க டீச்சரம்மா. மன்சன் மேல வெஷத்த வேஸ்ட் பண்ணாதுன்னு நீங்க சொன்னீங்களே, அத்தக் கேட்டப்பொறம் தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அஞ்சம்மா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துக்குவா. அதோ பாருங்க, நம்ம நல்ல நேரம், ரெண்டு படகு வருது. ஒண்ணுல நீங்க குந்திக்கோங்க, இன்னொண்ணுல நான் கால நீட்டிப் பட்த்துக்கிறேன்.

— அண்ணா... ஒரே ஒரு படகுதான் வருது.