கால்சியம் நார்மல்

தாம்பரத்தில் சாயங்கால ரயில் கிளம்பியதும், லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே இருந்த இளம்பெண் தன் தோழியிடம் அழாத குறையாகச் சொன்னாள்:

“கால்சியம் நார்மல்னு வந்துடுச்சுடி.”

“நல்ல விஷயம்தானே?”

“என்ன நல்ல விஷயம்? கால் இழுத்துப் பிடிக்குது, கால்சியம் கம்மியா இருக்கும்னு நான் சொன்னதிலேருந்து பத்து நாளா எங்க வீட்டுக்காரர்தான் சமையல். இப்ப ரிப்போர்ட்டை ஃபார்வர்ட் பண்ணி, ‘சந்தோஷம்மா, இன்னிக்கு சப்பாத்தி நீ போடு’ங்கிறார்.”

“கால் வலி நிஜமா?”

“நிஜம்தான்டி. இனி யார் நம்புவா?”

தோழி போனை வாங்கி ரிப்போர்ட்டைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள்.

“இதுல மெக்னீசியம் பார்க்கவே இல்லையே! அது கம்மியா இருந்தாலும் கால் இழுக்கும்.”

குரோம்பேட்டை வருவதற்குள் அந்த இளம்பெண் தன் கணவருக்கு போன் போட்டுவிட்டாள்.

“ஏங்க, இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்காம். மாவை நீங்களே பிசைஞ்சிடுங்க.”