சாமித்தட்டில் ஒரு தாடிக்காரர்

அழாதேங்கோ புஷ்பவதி அன்ரி. முதல்ல கையை விடுங்கோ. ஓம், செத்த ஆள்தான். ஆனா எங்கட ஆள் இல்லை. என்ர புருசனோ? விசரே உங்களுக்கு? அந்தாள் செத்து நூற்றி இருபது வருசம்! தாடியைப் பாத்தாலே தெரியேல்லையோ?

வீடியோ கோலில அம்மாவுக்குப் பின்னால மாலை போட்ட படத்தைக் கண்டிட்டு, நகரத்தின்ர மற்ற அந்தம் மொன்ட்ரியால்-நோரில இருந்து ரெண்டு பஸ் மாறி, ஆப்பிளும் தூக்கிக்கொண்டு... இருங்கோ. அம்மா வேலையால வரப் பத்து நிமிசம் கிடக்கு. அவவுக்கு முன்னால இந்தாளைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.

பேர் எட்வின். நாவல் எழுதினவர். பத்திரிகைக்குக் கேலிப்படமும் கீறினவர். ஆரைக் கேலி செய்து? கட்டின மனுசியை! கிழமைக்கொருக்கா அவவின்ர மூக்கைக் கீறிக் கீறியே வீடு வாங்கினவர். ஆறு பெட்டைப் பிள்ளையள், ஆறுக்கும் அதே மூக்கு. அதுகளையும் விடேல்லை. இல்லை அன்ரி, மூக்கு வடிவோ இல்லையோ எண்டதில்லை இப்ப கேள்வி!

பேந்து அந்தாளுக்குக் கண் தெரியாமப் போச்சு. ஆனா படம் நிக்கேல்லை. பதினொரு வருசம் ஆர் கீறினது? அந்த மனுசிதான்! தன்ர மூக்கைத் தானே கீறி, கீழ புருசன்ர பேரைப் போட்டிருக்கிறா. மகளவையின்ர கடிதங்களை வாசிச்சுக் கண்டுபிடிச்சது நான். இப்ப மாலை ஆருக்கு விழவேணும், சொல்லுங்கோ? எங்கட வீட்டிலயும் அவருக்குத்தான்! வெள்ளிக்கிழமையில வடை வேற!

நான் மேசையில வைச்ச படம் அது. ஆரெண்டு அம்மா கேட்டா. என்ர படிப்பே இவராலதான் எண்டன். அவ்வளவுதான், சந்தனப் பொட்டும் வைச்சுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில ஏத்திப்போட்டா.

அம்மாட்ட உண்மையைச் சொல்லிறதுக்கென்னவோ? அவ இவரை மருந்து கண்டுபிடிச்ச மகான் எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஏனெண்டால்... நான் பார்மசி படிக்கிறன் எண்டு. அதை விட்டிட்டு இந்தாளின்ர படங்களைப் படிக்கத் தொடங்கி ரெண்டு வருசம், அன்ரி. வாற மாசம் பார்மசிப் பட்டமளிப்பு எண்டு நினைச்சு அவ சீலையும் எடுத்து வைச்சிட்டா.

ஓம், ஓம், அந்த மனுசி மாதிரி நானும் பார்மசி எண்ட பொய்ப் பேரைப் போட்டுத்தான் கீறிக்கொண்டிருக்கிறன். சிரிக்காதேங்கோ.

கதவில திறப்புச் சத்தம் கேக்குது, அம்மா வந்திட்டா. அன்ரி, இவ்வளவு தூரம் வந்திட்டியள். நான் பார்மசியை விட்டதை நீங்களே அவவிட்டச் சொல்லிவிடுங்கோவன். அழுறதெண்டாலும் அவவோட சேர்ந்து அழலாம். நான் குசினிக்குள்ள ஆப்பிள் கழுவிக்கொண்டு நிக்கிறன்.