சுவரில் இரண்டு ஆணி

கறுப்பு ரீசேட்டை வெயிலில் காயப்போடக் கூடாது ஐயா. திருகோணமலை வெயிலுக்கு இரண்டு நாள் போதும், கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும். என் வீட்டிலிருந்து உங்கள் ஆட்கள் ஜீப்பில் ஏற்றிவந்த சாமான்களில் ரீசேட்டுகளை மட்டும் முற்றத்து மதிலில் பரப்பி வைத்திருக்கிறார்கள். அவை ஈரமாகக்கூட இல்லை. யாரையாவது அனுப்பி உள்ளே எடுக்கச் சொன்னால் நான் நிம்மதியாகக் கதைப்பேன்.

நன்றி ஐயா. குடிக்கத் தந்த பிளேன்ரீயும் நல்லாக இருக்கிறது.

என் பெயர் சசிகரன். கடைத்தெருவில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், கல்யாணவீடு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்தியவீடு எல்லாம் எடுப்பேன். அது வயிற்றுக்கு. மனதுக்கு றொக் இசை. போன சனிக்கிழமை கடற்கரையில் பாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்த றுவைஸை எனக்கு அவன் மீசை அரும்பிய காலத்திலிருந்து தெரியும். அவன் பாடிய ‘சுழியோடி’ குழுவின் முதல் ரசிகன் நான்தான். அதைப் பற்றிச் சொல்லத்தான் காலையில் நானாகவே பொலிஸுக்கு நடந்து வந்தேன். என்னை யாரும் இழுத்துவரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குத் துறைமுகத்தில் தொடங்கியது. கோதுமைக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரன், தலைமயிர் தோளில் புரள, கறுப்பு ரீசேட்டோடு சந்தைப் பக்கம் திரிந்தான். ரீசேட்டில் ஒரு எலும்புக்கூடு கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு ஓடி அப்பா இன்னும் இடுப்பில் கட்டாத புதுச் சாரத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அவன் அங்கேயே ரீசேட்டைக் கழற்றித் தந்துவிட்டு, சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அப்பா அன்றைக்கு என்னை உரித்தெடுத்துவிட்டார். ஆனால் எலும்புக்கூடு எனக்குக் கிடைத்துவிட்டது. அது எந்தக் குழுவின் ரீசேட், அவர்கள் என்ன பாடுவார்கள் என்பதெல்லாம் பல வருடத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. நான் முதலில் பொருளைச் சேர்த்தேன், பிறகுதான் பாட்டைக் கேட்டேன். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் சிரிப்பேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. கொழும்பில் வெளிநாட்டுக் குழு வந்தால் இரவு பஸ் ஏறிவிடுவேன். ஒருமுறை பாடகர் முகம் துடைத்து எறிந்த துவாய் என் கையில் விழுந்தது. இன்னொரு முறை தாளக்காரர் எறிந்த குச்சி என் நெற்றியில் விழுந்து தையல் போட வேண்டி வந்தது. குச்சியும் இருக்கிறது, பிரித்த தையல் நூலும் இருக்கிறது. எல்லாம் கண்ணாடி போட்ட அலுமாரியில். துவாயைக் கழுவக் கூடாது என்று நான் சொன்ன நாளில் என் மனைவி குணேஸ்வரி, “வேற ஒருத்தியை வைச்சிருந்தாலும் பரவாயில்லையப்பா, அவள் குளிச்சாவது வருவாள்” என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

எனக்கு ஒரு சட்டம் உண்டு ஐயா. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பொருள், ஒரு படம். ஒவ்வொன்றின் கீழும் சிறிய அட்டை. அது என்ன, எங்கே எடுத்தது, எப்படி என் கைக்கு வந்தது. கடைசி விஷயத்தில் மட்டும் பொய்யே இருக்கக் கூடாது. பொருளின் கதை பொய்யானால் பொருளும் குப்பைதான்.

அதனால்தான் பஹ்மியின் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்து அறையில் அவன் அழுவது இங்கே கேட்கிறது. சுழியோடியின் தாளக்காரன், நல்ல கை. பகலில் வயரிங் வேலை. தன் கவனக்குறைவால்தான் றுவைஸ் செத்தான் என்று உங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டான், ஊருக்கும் சொல்லிவிட்டான். அது பிழை. அவனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்கள் கடற்கரை நிகழ்ச்சிகள் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மணலில் பலகை அடித்து மேடை. மின்சாரம் ஜெனரேற்றரிலிருந்து. றுவைஸின் ஒலிபெருக்கிப் பெட்டி கிழட்டுப் பெட்டி, தொட்டால் கடிக்கும். புதுப் பெட்டி வாங்கும்வரை என்று பஹ்மி ஒரு வழி செய்தான். ஒரு செப்புக் கம்பியை ஈரமணலில் ஆழ அடித்து, பெட்டியிலிருந்து வருகிற மண்வயரை அதில் பூட்டி, மேலே ஒரு வாளி கடல்தண்ணீர் ஊற்றுவது. கடிக்க வருகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். புதுப் பெட்டி வரவேயில்லை, அந்த வழியே சடங்காகிவிட்டது. மூத்த ரசிகன் என்று கம்பி அடிக்கிற மரியாதையை எனக்குத் தந்தார்கள். நான் அடித்து, பூட்டி, தண்ணீர் ஊற்றி, “மண் குடிச்சிட்டுது” என்று கத்துவேன். கூட்டமும் சேர்ந்து கத்தும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பஹ்மி கயிற்றை இழுத்து ஜெனரேற்றரைக் கிளப்புவான். கோயிலில் மணி அடித்தபிறகு திரை விலகுவது போல. அவன் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

இப்போது கிற்றாரைப் பற்றி. அது பெரிய விஷயமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

றுவைஸ் நிலாவெளியில் வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றித் திரிந்தவன். அவனுடைய சிவப்புக் கிற்றார் ஒருமுறை படகிலிருந்து விழுந்து மூலை உடைந்தபோது, படகுக்கு ஓட்டை அடைக்கிற பைபரைப் பூசி ஒட்டினான். சிவப்பில் ஒரு வெள்ளைத் திட்டு. உலகத்தில் அப்படி ஒரு கிற்றார் வேறில்லை. அது ஒருநாள் எனக்குத்தான் வரும் என்று எனக்குள் ஒரு எண்ணம். அவன் சொன்னதில்லை. நானாக அலுமாரிக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி அடித்து வைத்தேன். கிற்றாரின் கழுத்து அளவுக்கு இடைவெளி விட்டு, பஞ்சு சுற்றி. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன வெறும் ஆணி என்பார்கள். வரும் என்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன் றுவைஸ் ஸ்ரூடியோவுக்கு வந்து பாஸ்போர்ட் அளவில் படம் வேண்டும் என்றான். மனைவி ஷாமிலாவின் அண்ணன் நியூசிலாந்தில் இருக்கிறார், குடும்பத்தோடு அங்கே போகப்போகிறார்களாம். சிரிக்காதே என்று நான் சொல்லச் சொல்ல அவன் சிரித்துக்கொண்டேயிருந்தான். பல முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“அப்ப கிற்றார்?” என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

“கொண்டு போகல்ல அண்ணன். அந்தக் குளிர்ல விரல் விறைச்சிரும். சம்பூர்ல தர்சிகா ரீச்சர் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்காங்கதானே, அவங்களுக்குக் குடுப்பம் எண்டு இரிக்கன்.”

“என்ர சுவரில ஆணி இருக்கடா.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “கோவிக்காதீங்க அண்ணன். உங்கட வீட்டில எண்டா அது பாடாதே. புள்ளைகள் தொட்டாத்தானே அதுக்கு உசிர்.”

தேத்தண்ணியோடு வந்த குணேஸ்வரி அதைக் கேட்டுவிட்டாள். “நாய் பெற்ற தெங்கம்பழம் எண்டு சும்மாவே சொன்னவை?” என்று சிரித்தாள். உருட்டத்தான் ஏலும், உடைத்துத் தின்ன ஏலாது என்ற அர்த்தம். றுவைஸும் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. இதை இரண்டு முறை எழுதினாலும் பிழையில்லை.

எனக்கு வந்தது கவலை. ஒரு ரசிகனின் கவலை. நியூசிலாந்தில் அவன் கடையொன்றில் பெட்டி அடுக்குவான், வயிறு வைக்கும், தலை வழுக்கையாகும். பத்து வருடத்தில் லீவுக்கு வந்து, யாராவது கல்யாணத்தில் மூச்சு வாங்க ஒரு பாட்டுப் பாடுவான். என் அலுமாரியில் அவனுக்கென்று ஒரு தட்டு முழுக்க இருக்கிறது. முதல் நிகழ்ச்சியில் அறுந்த தந்தியிலிருந்து எல்லாம். அந்தத் தட்டின் கடைசிப் பொருளாக நான் எதை வைப்பது? அந்த வழுக்கைத் தலைப் படத்தையா? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இளைத்துப்போன யானையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை பிரியாவிடை நிகழ்ச்சியை ஒழுங்குசெய்ததே நான்தான். கச்சான் கடலைக்காரன், ஐஸ்கிறீம் வான், கிண்ணியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் என்று கடற்கரை திருவிழாவாக இருந்தது. பள்ளிவாசலில் மாலை மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன் முடிக்க வேண்டும் என்பது எப்போதும் உள்ள ஒழுங்கு. அதனால் கடைசிப் பாட்டு சரியாகப் பொழுது சாய்கிற நேரத்தில் வரும். பாடுகிறவன் கடலுக்கு முதுகு காட்டி நிற்பான், ஊருக்குப் பின்னால் இறங்குகிற சூரியன் அவன் முகத்தில் விழும். படம் எடுக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்.

நான் கம்பியை அடித்தேன். தண்ணீர் ஊற்றினேன். வயரை மட்டும் பூட்டவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மணலால் மூடிவிட்டேன். பிறகு “மண் குடிச்சிட்டுது” என்று கத்தினேன். என் குரல் அன்றைக்கு நன்றாக எடுபட்டது. எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். பஹ்மி ஜெனரேற்றரை இழுத்தான்.

தான் பெட்டியை நகர்த்தியபோது கால் தட்டி வயர் கழன்றிருக்கும் என்று பஹ்மி நினைக்கிறான். கழலவில்லை. பூட்டியிருந்தால்தானே கழலுவதற்கு.

கடைசிப் பாட்டுக்கு றுவைஸ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு அலை நனைக்கிற மணலில் இறங்குவான். ரசிகருக்கு நடுவே நின்று பாடுவது அவன் வழக்கம். அங்கே ஒரு மைக் தனியாக நிற்கும். மேடையில் மரப்பலகை அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஈரமணலில் அப்படி இல்லை. ஒரு கையில் கிற்றார், மறுகையால் மைக்கைப் பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். கமராவை அந்தக் கைக்கே குறிவைத்து வைத்திருந்தேன்.

நேற்று எல்லாரிடமும் படம் வாங்கியபோது நான் தந்தது, நீங்கள் மேசையில் வைத்திருக்கிற படம் அதுதான். நேற்றே உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். மற்றவர்களின் போன் படங்களெல்லாம் ஆடிக் கலங்கிக் கிடக்க, சசிகரனின் படம் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக வந்தது? விரல் நரம்புகூடத் தெரிகிறது. முகத்தில் வெளிச்சம், வெள்ளைத் திட்டில் வெளிச்சம். வாய் திறந்திருக்கிறது. பாடுகிறான் என்றே நினைக்கத் தோன்றும்.

நான் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பஹ்மி மேடையிலிருந்து, “அண்ணன், நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று கத்தினான். நான் நிறுத்தாமல் விட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படம் எடுத்து முடித்ததும் நானேதான் நிறுத்தினேன்.

பிறகு ஒரே குழப்பம். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு வான் பக்கம் ஓடினார்கள். நான் கம்பியைப் பிடுங்கிப் பையில் வைத்தேன். மேடைக்குக் கீழே அவனுடைய செருப்பு இருந்தது, அதையும் எடுத்தேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பொருள் என்ற சட்டத்தை அன்றைக்கு மட்டும் மீறிவிட்டேன். கடைசி நிகழ்ச்சிதானே.

அவனை அடக்கிய ஜனாஸாவுக்குக் கிண்ணியாவுக்குப் போனேன். கமரா கொண்டுபோகவில்லை, எனக்கும் மரியாதை தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று ஷாமிலா கேட்டாள். “அண்ணன், அவர்ட செருப்பு அங்க கிடந்திச்சா? வெறுங்காலோட கொண்டு வந்தாங்க.”

“காணேல்லைத் தங்கச்சி” என்றேன். அவளுக்கு அது அழுவதற்கு மட்டும்தான் உதவும். என்னிடம் இருந்தால் இருக்கும்.

ஆகவே எழுதுங்கள் ஐயா. றுவைஸைக் கொன்றது சசிகரன். பஹ்மி இல்லை, கிழட்டுப் பெட்டி இல்லை, விதியும் இல்லை. கம்பியின் கீழே அட்டையில் நான் அதைத்தான் எழுதி வைத்தேன், உங்கள் ஆட்கள் வாசித்திருப்பார்கள். பஹ்மியை வீட்டுக்கு விடுங்கள், அவன் நாளைக்கு யாருக்காவது வாசிக்க வேண்டியவன். என்னில் யாரும் வஞ்சகம் இருந்ததென்று எழுதக் கூடாது. அவனை என்னளவு நேசித்தவன் இந்த ஊரில் இல்லை. அழகான இடத்தில் முடித்துவைத்தேன், அவ்வளவுதான்.

கையெழுத்து எங்கே? இங்கேயா? சரி.

ஒரு சின்ன விஷயம். கிற்றார் உங்களுடைய சாமான் அறையில் இருப்பதை உள்ளே வரும்போது கண்டேன். கதவு திறந்திருந்தது. ஒரு தந்திகூட அறவில்லை. தர்சிகா ரீச்சர் இனி அதைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஷாமிலா பிள்ளையோடு நியூசிலாந்து போகிறவள், அவளும் கொண்டுபோக மாட்டாள். ஆக, இப்போது அதற்கு ஆளில்லை. வழக்கு முடிந்ததும் ஷாமிலாவிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் ஐயா. நான் கேட்டால் நல்லாயிராது. குணேஸ்வரி வீட்டில்தான் இருப்பாள், கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஆணி அடித்தே இருக்கிறது.