இது வந்தால் அது

பழைய பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. என் தொழிலும் அதுதான். தொழிற்சாலைகளில் இருபது வருடத்துக்கு முந்தைய இயந்திரங்கள் இருக்கும். அவற்றை ஓட்டும் புரோகிராமை எழுதிய கம்பெனி எப்போதோ மூடியிருக்கும். அந்தப் புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பேன். தான் இன்னும் பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று அதை நம்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான்.

என் மனைவிக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து மூன்று வருடமாகிறது. அறிவு தெளிவு, காதும் கேட்கும். அசைவது இமைகளும் வலது கன்னமும் மட்டும். கன்னத்தில் ஒரு சுவிட்ச் ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு பழைய பேசும் பெட்டி; அதன் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது, வேண்டிய எழுத்தில் கன்னத்தை அசைப்பாள். வாக்கியம் முடிந்ததும் பெட்டி அதைச் சத்தமாகப் பேசும். ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். கண்ணசைவில் ஓடும் புதுக் கருவிகளையும் பார்த்தோம். அவள் கண்மணி நடுங்கிக்கொண்டே இருப்பதால் அவை உதவவில்லை.

போன வருடம் அந்தப் பெட்டி புகைந்து நின்றுவிட்டது. பதினெட்டு நாள் அவளுக்குப் பேச்சில்லை. நான் லீவு போட்டு உட்கார்ந்தேன். புரோகிராமை மீட்டு, என் லேப்டாப்பில் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் ஒன்றுக்குள் ஓட விட்டேன். எழுத்துகள் தலைதெறிக்க ஓடின; வேகத்தைக் குறைத்தேன். குரல் கொடுக்கும் சிப் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை, அது பெட்டியோடு எரிந்துபோயிருந்தது. எனவே அவள் எழுதியது வெளியே வரும் இடத்தில் நானே ஒரு சின்ன புரோகிராம் வைத்தேன். அது வாக்கியத்தை வாங்கி, லேப்டாப்பின் குரலிடம் கொடுக்கும். சில வார்த்தைகளைக் குரல் கோணலாகச் சொன்னது. அதற்காக ஒரு பட்டியல் போட்டேன். இது வந்தால் அதைச் சொல்.

"அப்பாடா, செத்துப் பொழச்சேன்டா," என்றாள் முதலில். நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், ஊட்டும்போது சாப்பாடு வாயோரம் வழிந்தபடியே இருந்தது. நான் களைத்திருந்தேன். கை கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது. உதடு கிழிந்தது, நானே மருந்து போட்டேன். அன்று மாலை எழுதினாள்: "அக்காகிட்ட போறேன். ஞாயித்துக்கிழமை சொல்லிடுவேன்."

அக்கா அவளுக்கு மூத்தவள், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஞாயிறு தவறாமல் வருவாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மனைவி இல்லாத வீட்டில் நான் யாருக்காகக் கதவைத் திறப்பேன்? சனிக்கிழமை பட்டியலில் இரண்டு வரி சேர்த்தேன்.

ஞாயிறு பதினைந்து நிமிடம் பாடுபட்டு எழுதினாள். குரல் சொன்னது: "எனக்கு இங்கயே நல்லா இருக்கு அக்கா. அவர் நல்லா பாத்துக்கறார்."

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி எழுதினாள். வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். பட்டியலில் இல்லாத எது வந்தாலும் "களைப்பா இருக்கு, தூங்கறேன்" என்று சொல்லும்படி இரண்டாவது வரி இருந்தது. அக்கா நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். திரை என் மனைவி பக்கம் மட்டும்தான் திரும்பியிருக்கும்; மற்றவர் எட்டிப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம் என்று சொல்லி வைத்திருந்தேன். பகலில் வந்த பணிப்பெண்ணுக்கு எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தது, அவளை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்தேன்.

டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். 'வலி' வந்தால் 'தேவலை'. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது, சுவிட்ச் ஒட்டிய அதே பக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர் போயிருக்கும். அப்படியும் எழுதுவாள். நாங்கள் தனியாக இருக்கும்போது திரையில் ஒன்று விடாமல் படிப்பேன், மாத்திரை கொடுப்பேன். எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது.

பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். மனசு சமாதானமாகிவிட்டது என்று நினைத்தேன். கன்னம் அசையாவிட்டாலும் ஞாயிறு பதினோரு மணிக்குக் குரல் "வா அக்கா, உக்காரு அக்கா" என்று சொல்லும்படி வைத்தேன். பார்க்க வந்தவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே.

அந்த மரியாதைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"தம்பி, பதினோரு மாசமா இவ என்னை ஒரு வார்த்தை திட்டல," என்றாள் அக்கா. "சின்ன வயசுலேர்ந்து என்னை 'ஹாரன்'னுதான் கூப்பிடுவா. வாயத் தொறந்தாலே வம்பு. இப்ப டெலிபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்ச மாதிரி பேசுறா."

'ஹாரன்' வந்தால் 'அக்கா'. மூத்தவளை அப்படிக் கூப்பிடுவது நன்றாக இல்லை என்று அதையும் திருத்தியிருந்தேன்.

"பழைய புரோகிராம்க்கா. புதுக் கம்ப்யூட்டர்ல அப்படித்தான் பேசும்."

"கம்ப்யூட்டருக்கு மரியாதை தெரியலாம். என் தங்கச்சிக்குத் தெரியாது."

என்னை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். ஒரு காகிதத்தில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாக விரலை வைத்து, இமை மூடுகிறதா என்று பார்த்துக் கீழே குறித்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒருத்தி விம்முவது மட்டும் கேட்டது. கதவு திறந்ததும் அக்கா காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஹாரன். நான் பேசல. அவன் பேசறான். பல் வலிக்குது."

இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம். நல்லது.

நடந்தது இவ்வளவுதான். எல்லாம் நான் செய்ததுதான், பொறுமையாகப் படித்துக் காட்டினீர்கள், நன்றி. கையெழுத்துப் போடும் முன் ஒன்று. வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் 'அவள் வாயை அடைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 'திருத்தினேன்' என்றுதான் சொன்னேன். தயவுசெய்து மாற்றுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவது எந்த ஊர் நியாயம்?