ஒன்றரைச் செங்கல் சுவர்

ஐயா,

காரைக்காலில் மாலை ஆறு மணிக்கு மேல் மின்சாரத்தை நம்பி எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. விளக்கு எரியும். ஆனால் சிவந்துபோய், தூங்கி வழிகிற மாதிரி எரியும். சுற்றும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். அதனால்தான் ஆணி அடிக்க மின்கம்பி இல்லாத கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் காரணம் இன்றைக்கும் சரியான காரணம்தான்.

என் பெயர் பங்கஜவல்லி. வயது இருபத்தாறு. இயற்பியலில் பி.எஸ்ஸி. இந்த வருடம், 1984 மாசியில், எங்கள் வீட்டில் நடந்த விபத்தை விசாரிக்க நீங்கள் வந்தபோது கூடத்துக் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சத்தம் கேட்டுச்சாம்மா?" கேட்டது என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டு, கருவியை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனீர்கள். வேறு எதையும் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். கேட்காததைத் தானாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் சண்முகசுந்தரம் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அண்ணி அல்லி, பூவத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அம்மாவும் அப்பாவும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அண்ணி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு, ஒரு நாளைக்கு நான் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். எந்த நாளும் நாற்பதைத் தாண்டவில்லை. அதில் பாதி "சாப்பாடு ஆச்சு அண்ணா" என்பது.

அண்ணி வந்த மூன்றாம் நாள், அரிசி புடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் பங்கஜம், உனக்கு வாய எதுக்கு வச்சிருக்கு? சோறு திங்க மட்டுமா?"

நான் சிரித்துவிட்டேன்.

"அட, பல்லுகூட இருக்கே" என்றார்.

அன்றிலிருந்து நான் பேசினேன். அண்ணியிடம் மட்டும். மதியம் அண்ணன் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கதாநாயகி அழும் இடங்களில் அவர், "இவளுக்கு வேற வேல இல்லியா? எழுந்திருச்சி ஒல வைக்கச் சொல்லு" என்பார். மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

போன ஐப்பசியில் அண்ணனுக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பங்குனிக்குள் போய்ச் சேர வேண்டும். அண்ணியையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்கும் ஏற்பாடு செய்திருந்தார். கூடத்தின் குறுக்கே பலகைச் சுவர் எழுப்பி, வீட்டை இரண்டாகப் பிரித்து, முன்கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது. பின்கட்டு எனக்கு.

"தனியா விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத. நல்ல மனுஷங்களாப் பாத்து வைக்கிறேன். நீ யாரோடயும் பேசவேண்டியதுகூட இல்ல" என்றார். அது எனக்குப் பிடிக்கும் என்று அவர் நினைத்தார்.

அது பெரிய வேலை. தேக்குச் சட்டங்களைத் தரையிலும் சுவரிலும் மேலே கான்கிரீட் உத்திரத்திலும் பொருத்த வேண்டும். தச்சர் கான்கிரீட்டில் அடித்த ஆணிகள் எல்லாம் வளைந்தன. அப்போதுதான் அண்ணன் இளையபெருமாள் சித்தப்பாவுக்கு எழுதினார். சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலேயே தங்கிவிட்டார். தைப் பொங்கலுக்கு வருவதாகவும், ஆணி அடிக்கும் கருவி ஒன்று வாங்கி வருவதாகவும் பதில் போட்டார். கூடவே ஒரு விலைப்பட்டியல் புத்தகத்திலிருந்து நான்கு பக்கங்களைக் கிழித்து அனுப்பியிருந்தார். "எது வேண்டும் என்று பங்கஜத்தைப் படித்துச் சொல்லச் சொல். பிரெஞ்சும் தெரியும், விஞ்ஞானமும் தெரியும்" என்று எழுதியிருந்தார். இந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன்.

காற்றழுத்தத்தில் வேலை செய்வது ஒன்று இருந்தது. அதற்குத் தனியாக ஓர் இயந்திரம் வேண்டும், அது எங்கள் சமையலறை அளவு. மின்சாரத்தில் இயங்குவது இன்னொன்று. எங்கள் ஊர் மின்சாரத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். மூன்றாவது, தோட்டா போட்டு அடிப்பது. கம்பி கிடையாது. கையில் எடுத்துப் போய் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். அதில் இரண்டு வகை. ஒன்றில் வெடிமருந்து ஓர் இரும்புத் தண்டைத் தள்ளும், தண்டு ஆணியைத் தள்ளும். தண்டு நின்றால் ஆணியும் நின்றுவிடும். மற்றதில் நடுவே தண்டு இல்லை. மருந்து ஆணியையே நேராகத் தள்ளும். துப்பாக்கிக் குண்டு போல.

நான் தண்டு இல்லாத வகையைச் சொன்னேன்.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று அண்ணன் கேட்டார்.

"இதுல வேகம் அதிகம் அண்ணா."

"வேகம் அதிகம்னா நல்லதுதானே?"

"இறுகின கான்கிரீட்டுக்கு நல்லது."

அது உண்மை. நான்கு பக்கங்களையும் தமிழில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு வரியை மட்டும் விட்டேன். மென்மையான சுவரில் ஆணி ஊடுருவி மறுபக்கம் போகக்கூடும், அங்கே ஆள் நிற்கக் கூடாது என்ற வரி. எங்கள் சுவர் மென்மையானதா என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எழுதி அவரைக் குழப்ப வேண்டாம் என்று விட்டேன்.

தையில் கருவி வந்தது. சித்தப்பா யாரிடமோ பழையதாக வாங்கியிருந்தார். ஆனால் நான் கேட்ட வகைதான். அண்ணன் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்துக் குங்குமம் இட்டார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"துப்பாக்கியால ஆணி அடிக்கிற வீட்டுல வாக்கப்பட்டிருக்கேன்னு பூவத்துல சொன்னா, எவளும் நம்ப மாட்டா. ஏங்க, துணி காயப்போடவும் ஒரு பீரங்கி கொண்டாரச் சொல்லுங்களேன், சித்தப்பாவ."

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன். ஆனால் அவரும் சிரித்தார்.

உத்திரத்தில் அடித்த ஆணிகள் அருமையாக இறங்கின. அடுத்தது கூடத்தின் கிழக்குச் சுவர். அந்தச் சுவர் பழையது, செங்கல்லும் சுண்ணாம்பும். அதற்கு அந்தப் பக்கம் சாமி அறை. ஆணி அடிக்க வேண்டிய இடங்களை அளந்து சுண்ணக்கட்டியால் குறி போடச் சொன்னார் அண்ணன். அளப்பதில் என்மேல் அவருக்கு நம்பிக்கை.

ஐந்து குறி போட்டேன். "சுவரு கெட்டியா இருக்குமா?" என்று கேட்டார்.

"ஒன்றரைச் செங்கல் சுவர், அண்ணா."

சுவரின் கனத்தைப் பொறுத்தவரை அதுவும் உண்மை. ஆனால் சாமி அறையின் பக்கம் ஒரு விளக்கு மாடம் குடைந்திருக்கிறது. அந்த இடத்தில் மிச்சம் இருப்பது அரைச் செங்கலும் பூச்சும்தான். கூடத்தின் பக்கம் வழவழவென்று இருப்பதால் பார்த்தால் தெரியாது. நான் அளந்து பார்த்ததால் எனக்குத் தெரியும். மூன்றாவது குறி மாடத்துக்கு நேர்ப் பின்னால் விழுந்தது. சட்டத்துக்குச் சம இடைவெளி வேண்டும் என்றால் அங்கேதான் விழும்.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். ஆணி அந்தப் பக்கம் வரும். மாடம் உடையும். சாமி விளக்கு விழும். அபசகுனம் என்று அண்ணி சொல்வார். அண்ணி சொன்னால் அண்ணன் வேலையை நிறுத்துவார். பிறகு பேச்சு வளரும், தள்ளிப்போகும். இது ஒரு சோதனை மாதிரி. விளைவை முன்கூட்டிக் கணித்திருந்தேன்.

அன்று வியாழக்கிழமை. அண்ணன் ஐந்தரைக்கு வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். சட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். முதல் ஆணி, இரண்டாவது ஆணி. மூன்றாவதற்குத் தோட்டா போடும்போது மணி ஆறு. அண்ணி தினமும் ஆறு மணிக்கு மாடத்தில் விளக்கேற்றுவார். காற்று படாமல் இருக்க முகத்தை மாடத்துக்குள் நீட்டித்தான் திரியைத் தூண்டுவார். இதெல்லாம் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

"அல்லி எங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"உள்ள இருப்பாங்க அண்ணா" என்றேன். அதுவும் உண்மைதான்.

அண்ணியின் இடது கண்ணில் ஆணி படவில்லை. செங்கல் சில்லுதான் பட்டது. ஆணி எதிர்ச் சுவரில் போய் நின்றது. நீங்களே பார்த்தீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைத் தைத்தார்கள். அண்ணன் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேசிப் பயனில்லை என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். படித்த பெண் என்பதால் விளக்கமாகவே சொன்னார். அடிபட்ட கண்ணால் சில சமயம் நல்ல கண்ணும் கெடும். சில வாரம் கழித்து வரும். நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சம் பட்டுக் கூசினாலோ, அன்றைக்கே அழைத்து வர வேண்டும். மருந்து இருக்கிறது. தாமதித்தால் பார்வை போய்விடும். நான் கவனமாகக் கேட்டேன். அண்ணன் பிறகு, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டபோது, ஓய்வு வேண்டும் என்றார் என்று சொன்னேன்.

பங்குனியில் அண்ணன் தனியாகத்தான் புதுச்சேரிக்குப் போனார். சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு திரும்புவார். மற்ற நாட்களில் நானும் அண்ணியும். ஒரு கண்ணில் கட்டோடு அண்ணி படுத்திருப்பார். நான் தலை வாரிவிடுவேன். கஞ்சி கொடுப்பேன். கதை படிப்பேன். "இந்த ஒத்தக் கண்ணுக்கே ஒன் மூஞ்சி இவ்வளவு நல்லாத் தெரியுதே, ரெண்டும் இருந்தப்ப ஏன் தெரியல?" என்பார். அந்த ஐந்து வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காயம் ஆறி வந்தது. சித்திரையில் புதுச்சேரியில் வீடு பார்த்தாகிவிட்டது என்று அண்ணன் எழுதினார். அண்ணி பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஒரு காலையில் அண்ணி, "பங்கஜம், அந்த ஜன்னலச் சாத்தேன். வெளிச்சம் குத்துது" என்றார்.

வலது கண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் சிவந்திருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன்.

"தையல் ஆறுறப்ப அப்படித்தான் இருக்கும், அண்ணி" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

மறுநாள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். கண்ணுக்கு ஈரத்துணி வைத்தேன். அண்ணன் வந்த சனிக்கிழமைகளில் அண்ணி தூங்குவதாகச் சொன்னேன். அநேகமாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். பத்தொன்பது நாள் கழித்து, இருட்டாகவே இருக்கிறதே, விடிந்துவிட்டதா என்று கேட்டார். அப்போது மணி பதினொன்று. நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று வாரம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் வேறொரு டாக்டர்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்காக இல்லை. அண்ணன் இரண்டு கண்களும் தன்னால் போனதாக நினைக்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சனிக்கிழமைகளில் வருவதையும் நிறுத்திவிட்டார். போன வாரம் அண்ணியின் அம்மா காசியம்மாவுக்கு எழுதியிருக்கிறார். "உங்கள் பெண்ணை நான் கெடுத்துவிட்டேன், வந்து அழைத்துப் போங்கள்" என்று. காசியம்மா வருகிற புதன்கிழமை வண்டியோடு வருகிறார். பூவத்தில் அவர்கள் வீட்டில் எல்லோரும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். பகலில் அண்ணியோடு பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே குற்றம் அண்ணனுடையது இல்லை என்பதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுத்தவள் நான். குறி போட்டவள் நான். ஜன்னலைச் சாத்தியவள் நான். இது தெரிந்தால் அண்ணன் தன்னை மன்னித்துக்கொள்வார். அண்ணியை அனுப்ப வேண்டிய அவசியம் இருக்காது. புதன்கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

சில நாட்களாக அண்ணி அதிகம் பேசுவதில்லை. முந்தாநாள் ஒரு கேள்வி கேட்டார்.

"பங்கஜம், மொதல்ல தையல் போட்டாரே அந்த டாக்டரு, ஒன்கிட்ட வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லை அண்ணி" என்றேன்.

அதிலிருந்து நான் தலை வாரப் போனால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்கிறார். வெயில் காலம், சோர்வாக இருக்கும்.

என்னை என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் பொறுப்பு. விசாரணைக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். மதியம் ஒரு மணிக்குள் அனுப்பிவிட்டால் வசதியாக இருக்கும். அண்ணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டுங்கள், மேலதிகாரிகளிடம் காட்டுங்கள். அண்ணிக்கு மட்டும் யாரும் படித்துக் காட்ட வேண்டாம். அவருக்கு எதுவாக இருந்தாலும் நான்தான் படித்துக் காட்டுவது வழக்கம்.

இப்படிக்கு,
ச. பங்கஜவல்லி