நடுக்கூடத்து உத்திரம்

வீடு விற்பதற்கு முன்னால் எல்லோரும் வெள்ளையடிப்பார்கள். நாங்களும் அடித்தோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைப்பதில்லையா, அதுபோலத்தான். அதை யாரும் ஏமாற்று என்று சொல்லமாட்டார்கள்.

அது அறுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் தறிச் சத்தம், நடுவில் நாங்கள் மட்டும் நெசவு தெரியாத நயினார் குடும்பம், சமணர்கள். அப்பா ரிஷபதாஸ் பெரிய காஞ்சிபுரத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்ணன் அவரோடு கடையில் இருந்தான். வீட்டில் அம்மா, அண்ணி ஜ்வாலாமாலினி, நான். என் பெயர் பிராமி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒரு வருஷம் முழுக்க வரவில்லை. பிறகு நானே போகாமல் இருந்துவிட்டேன்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் லோகாம்பாள் என்கிற அம்மாளின் வீடு விலைக்கு வந்தது. அதை வீடு என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். சமையற்கட்டுச் சுவர் பாதி விழுந்திருந்தது. பின்கட்டில் ஓடுகள் இல்லை. கிணற்றுச் சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று வளர்ந்திருந்தது. அதனால்தான் அப்பாவால் விலை கேட்க முடிந்தது. இடிந்ததைக் கட்டிக்கொள்ளலாம், நல்ல தெருவை நம்மால் கட்ட முடியுமா என்றார்.

எங்களையும் கூட்டிப் போய்க் காட்டினார். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றுவிட்டாள். நான் படியேறி மச்சுக்குப் போனேன். அங்கே ஓர் அறை இருந்தது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஒரு ஜன்னல். கனத்த பலாமரக் கதவு. கதவின் உள்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள், துருவேறிக் கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். நகர்ந்தது, விழுந்தது. கீழே என்னைத் தேடிக் கூப்பிடும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு அண்ணன் அறைக்கும் வாசலுக்கும்தான் உண்டு. நான் நடுக்கூடத்தில் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வேன். எனக்கு எழுதுகிற பழக்கம் இருந்தது. நோட்டுகளைப் பழைய அண்டாவுக்குள் வைத்திருந்தேன். ஒருநாள் அண்ணி அண்டாவைத் துலக்க எடுத்தாள். அடுத்த வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எங்க வூட்ல ஒரு பண்டிதை கீறாடி, வாயத் தொறந்தா காத்துதான் வரும், கையில பாரு எம்மாம் பேச்சு" என்று சொல்லிவிட்டு, அவளைப் பற்றி நான் எழுதியிருந்ததையும் சேர்த்து மூன்று பக்கம் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மச்சு அறை பிராமிக்கு இருக்கட்டும் என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்தார். லோகாம்பாள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆனி முடியறதுக்குள்ள பத்திரம் பண்ணிக்கினு போயிடுங்க நயினாரே. ஆடி பொறந்தா எம்புள்ள கையெழுத்துப் போட மெட்ராஸ்லருந்து வரமாட்டான். ஒரு சேலைக் கடைக்காரரு கிடங்குக்கு வேணும்னு தெனம் ஆள் அனுப்பிக்கினே கீறாரு" என்றாள். அப்பா சரி என்றார். எங்கள் வீடு அதற்குள் விலைபோனால்தான் அந்த வீடு. போகாவிட்டால் என் அறையில் சேலை மூட்டைகளை அடுக்குவார்கள்.

வீட்டைச் சரிபார்க்கத் தச்சர் தேவசகாயம் வந்தார். அப்பாவும் அண்ணனும் கடையில் இருந்தார்கள். அம்மாவும் அண்ணியும் திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் கதவு நிலைகளைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு ஏறி நடுக்கூடத்து உத்திரத்தை உளியின் பிடியால் தட்டினார். சுவரோரத்தில் தட்டியபோது மரச் சத்தம் வந்தது. நடுவில் தட்டியபோது வேறு சத்தம் வந்தது. காலிப் பெட்டியைத் தட்டினால் வருமே, அது.

"கரையான்மா. மேல தோலு மட்டும்தான் கீது. உள்ள ஒண்ணும் இல்ல" என்றார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம், அதுவும் இனிமேல் வீண், மாற்றுவதுதான் சரி என்றார்.

எங்கள் வீட்டில் உயிரைக் கொல்லமாட்டோம் என்று சொன்னேன். இதைச் சொல்வதற்கு மட்டும் எனக்குக் குரல் வந்தது. எங்களில் யாரும் எறும்புப் புற்றைக்கூட மிதிக்கமாட்டோம். தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. விளக்கேற்றினால் பூச்சி வந்து விழும் என்று பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம். அவருக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"சரிம்மா, அது உங்க தருமம். வாங்கறவங்கிட்ட மட்டும் சொல்லிடச் சொல்லு அப்பாவை. நெசவுக்காரங்க வாங்கினா தறிக்கு மேல, சேலைல பூ போடற ஜக்கார்டு பொட்டிய இதுல மாட்டுவாங்க. கனம் தாங்காது."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதை வாக்குக் கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. அவர் அந்த வாரமே வாலாஜாவில் ஏதோ வேலை என்று போய்விட்டார். அப்பாவிடம், தச்சர் வந்து கதவு ஜன்னலெல்லாம் பார்த்துவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்பா அப்படிப்பட்டவர், கேட்டவுடன் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் உத்திரத்தை மாற்றிவிட்டுத்தான் விற்பேன் என்பார். புது மரம் வாங்கி, இழைத்து, ஓடுகளை இறக்கி ஏற்றுவதற்குள் ஆனி போய்விடும். அது மட்டுமில்லை. மரத்தை இறக்கினால் பிளப்பார்கள். பிளந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாகும். எத்தனை ஆயிரமோ. அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று யோசித்தபோது எனக்கு மனம் தெளிவாகிவிட்டது.

வெள்ளையடிக்கும் வேலையில் உத்திரமும் தூணும் என் பொறுப்பு என்று நானே வாங்கிக்கொண்டேன். சுவரிலிருந்து உத்திரத்துக்கு ஏறிய மண்கோடுகளை மயிற்பீலியால் மெதுவாக வருடி எடுத்தேன். ஓடிய கரையான்கள் மரத்துக்குள் போகும்வரை காத்திருந்தேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. பிறகு மரத்தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்துத் துளைகளை அடைத்தேன். காய்ந்ததும் காவியோடு விளக்குக்கரி கலந்து பூசி, எண்ணெய்த் துணியால் துடைத்தேன். மூன்று பகல் ஆயிற்று. அண்ணி நிமிர்ந்து பார்த்து, "நேத்து வெட்டின மரம் மாதிரி பண்ணிட்டாளே" என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஆனி பத்தாம் தேதிக்கு மேல் ஆதிகேசவன் வந்தார். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்து நெய்துகொண்டிருந்தவர். சொந்தமாக ஓர் இடத்தில் தறி போட வேண்டும் என்பது அவர் ஆசை. கூடத்தைக் காலால் அளந்து, கால் மிதிக்கும் குழி இங்கே, தறி இப்படி என்று அப்பாவுக்குக் காட்டினார். அப்பா, வீட்டில் குறை என்றால் பின்கட்டில் மழைக்கு ஒழுகும், சமையற்கட்டில் புகை சுற்றும் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அதனாலேயே ஆதிகேசவனுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் மனைவி அலமு ஐந்து மாதப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்து அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். தறிக்குப் பக்கத்திலேயே தூளி இருந்தால்தான் தோது, ராட்டையில் இழை சுற்றிக்கொண்டே கால் கட்டைவிரலில் கயிற்றைக் கட்டி ஆட்டிவிடலாம் என்றாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா, இந்த உத்திரத்துல தூளி கட்டலாமா? தாங்குமா?"

யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் நான் பதில் சொல்லும்வரை நிற்பதில்லை. அவள் நின்றாள்.

"நானு, எங்கண்ணன், எல்லாரும் அதுலதான் கெடந்தோம்க்கா" என்றேன்.

அது உண்மை. அம்மாவைக் கேட்டாலும் சொல்லுவாள். அசத்தியம் பேசாமை எங்களுக்கு இரண்டாவது விரதம். கொல்லாமை முதலாவது. இரண்டில் எதையும் நான் மீறவில்லை என்பதை அப்போதே மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

"அப்ப ராசியான உத்திரம்னு சொல்லு" என்று அலமு சிரித்தாள். குழந்தையின் கையைப் பிடித்து உத்திரத்தைக் காட்டினாள். குழந்தை அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது.

ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது இரண்டு பத்திரமும் ஒரே நாளில் முடிந்தன. நாங்கள் லோகாம்பாள் வீட்டுக்கு வந்தோம். அப்பா முதலில் சமையற்கட்டுச் சுவரை எழுப்பினார். நான் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன்.

ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை பெய்தது. பதினோராம் நாள் மத்தியானம், ஆதிகேசவன் ஜரிகை வாங்கப் போயிருந்த நேரத்தில், நடுக்கூடத்து உத்திரம் இரண்டாக முறிந்தது. ஜக்கார்டு பெட்டியும் ஓடுகளும் தறிமேல் விழுந்தன. அலமு சுவரோரம் உட்கார்ந்திருந்ததால் தப்பினாள். கயிறு அவள் கால் கட்டைவிரலில் அப்படியே இருந்ததாம்.

எங்களுக்குச் சேதி வந்தபோது மாலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அம்மா அழுதாள். அண்ணி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு அப்போது நாலாம் மாதம். நான் சாப்பிட்டு முடித்தேன். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள்வரை ஒன்றும் சாப்பிட முடியாது.

அப்பா திரும்பி வந்து, உத்திரத்தின் உள்ளே விரல் நுழைகிறது என்றார். வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்களுக்கு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அம்மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். என்னைத் தாண்டி அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அப்பா கடையில் சரியாக உட்காருவதில்லை. ஆதிகேசவன் அவரைக் குறை சொல்லவில்லை, விதி என்றுதான் சொன்னார். குறை சொல்லியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் அலமு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்றார்கள். இறங்கிப் போனேன். கட்டைவிரலைச் சுற்றி இன்னும் கறுப்பாக ஒரு தடம் இருந்தது. அவள் அழவில்லை. மாமியார் அவளைத்தான் சொல்கிறாளாம், கண்ட மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையை முழுங்கிவிட்டாள் என்று. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்கிறாளாம்.

"நீ ஒருவாட்டி வந்து எங்க மாமியாருங்கிட்ட சொல்லும்மா. நான் கேட்டுட்டுத்தான் கட்டினேன்னு. நீங்கள்லாம் கெடந்த எடம்னு நீ சொன்னதைச் சொல்லு, போதும். உங்காளுங்க பொய் பேசமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

 புது மனிதர்கள் முன்னால் எனக்குக் குரல் வராது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பரவால்ல, நீ பாவம், சின்னப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தை பிறப்பதற்குள் அவளை ஓரிக்கைக்கு, அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் நான் மேலே வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். இங்கே யாரும் என் நோட்டைப் படிப்பதில்லை. அதனால் இதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். உத்திரம் உள்ளே காலி என்று எனக்குத் தெரியும். அதன்மேல் ஜக்கார்டு பெட்டி ஏறும் என்று தெரியும். அதன்கீழ் அந்தக் குழந்தையின் தூளி ஆடும் என்று தெரியும். முதல் இரண்டும் தெரிந்துதான் பசையைக் குழைத்தேன், மூன்றும் தெரிந்துதான் பதில் சொன்னேன்.

ஆனால் இதையெல்லாம் நான் மறைத்தேன் என்று சொல்வது நியாயமில்லை. என்னை யாராவது ஒருவர் நேராகக் கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.